லாக்: சாவி இல்லாத பூட்டு

அக்கா மகன் போனில் ஒரு புதிர் விளையாட்டு வைத்திருக்கிறான். கால்வாயில் வரிசைகட்டி நிற்கும் கப்பல்களை ஒவ்வொன்றாக மேட்டுக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். தமிழிலும் ஆடலாம். ஓரிடத்தில் 'பூட்டைத் திற' என்று வந்தது. பையன் திரை முழுக்கத் தேடிவிட்டு, "மாமா, சாவி எங்க இருக்கு?" என்றான்.

ஆங்கிலத்தில் 'லாக்' என்று இருந்ததைப் பூட்டு என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். கால்வாயில் இருக்கும் அந்த லாக்குக்குச் சாவியே கிடையாது. அது இரண்டு முனையிலும் கதவு வைத்த நீளமான தொட்டி. தாழ்வான பக்கத்துக் கதவு வழியாகக் கப்பல் உள்ளே வரும். கதவைச் சாத்திவிட்டு மேட்டுப் பக்கத்துத் தண்ணீரை விட்டால் மட்டம் ஏறும், கப்பலும் கூடவே ஏறும். இருபுறமும் மட்டம் சமமானதும் மேல் கதவு திறக்கும். இறங்க வேண்டுமானால் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பம்பு வேண்டாம், தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத் தானே ஓடும். இரண்டு கதவையும் ஒன்றாகத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

பனாமா கால்வாயில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்டூன் ஏரிக்குக் கப்பல்கள் இப்படித்தான் ஏறுகின்றன. 1914இல் திறந்த பழைய தொட்டிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம். ஒரு கப்பல் கடந்து போனால் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலந்துவிடும். 2023இல் மழை பொய்த்தபோது தினமும் விடும் கப்பல்களைக் குறைக்க வேண்டிவந்தது அதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'லோக்' என்றால் தாழ்ப்பாள். தடுப்பு, அடைத்து வைத்த இடம் என்றும் பொருள் உண்டு. வாசற்கதவில் தொங்குவது முதல் பொருள், கால்வாய்க்குப் போனது இரண்டாவது. இந்தத் தொட்டி வகையின் முழுப்பெயர் 'பவுண்ட் லாக்'. பவுண்டு நமக்குத் தெரிந்த சொல்தான். அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பார்களே, அதே பவுண்டு. இங்கே மாட்டுக்குப் பதில் தண்ணீர். இந்த வகையை 984இல் சீனப் பெருங்கால்வாயில் முதலில் கட்டியவர் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி. அதற்கு முன் படகுகளைச் சரிவில் இழுத்து ஏற்றுவார்கள். படகு உடையும், அந்தக் குழப்பத்தில் தானியமும் களவு போகும்.

பிரெஞ்சின் 'எக்லூஸ்', ஜெர்மனின் 'ஷ்லாய்சே' இரண்டும் லத்தீன் 'எக்ஸ்க்லூசா'விலிருந்து வந்தவை. வெளியே தடுத்து நிறுத்தியது என்று பொருள். ஜெர்மனில் பூட்டுக்கு வேறு சொல், 'ஷ்லாஸ்'. ஆகவே ஜெர்மன் பையன் சாவி தேடமாட்டான்.

தமிழில் தண்ணீரைத் தடுக்கவும் விடவும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை: மதகு, மடை, தூம்பு, கலிங்கு. நம் அணைக்கட்டைத்தான் ஆங்கிலேயர் 'அனிகட்' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இவையெல்லாம் வயலுக்கு விடவோ உபரியை வெளியேற்றவோ அமைந்தவை. படகு ஏற்றும் வேலை எதற்கும் இல்லை. கோதாவரி டெல்டாவில் படகுக் கால்வாய்கள் வந்தபோது தெலுங்கர்கள் 'லாக்குலு' என்று அப்படியே சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் தமிழில் லாக்கை எப்படி எழுதுவது? நீர்ப்பூட்டு என்று எழுதினால் மறுபடியும் சாவிப் பிரச்சினை. நீரடைப்பு பொருளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சித்த மருத்துவத்தில் அது சிறுநீர் கழிக்க முடியாத நோய். கப்பலுக்கு அந்தப் பெயர் வேண்டாம். மதகு என்றால் கதவு மட்டும்தான் கண்ணுக்கு வரும். நான் மடைத்தொட்டி என்று எழுதுவேன். கதவுக்கு மடைக்கதவு. காட்டூனில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று தொட்டிகளுக்கும் சேர்த்துத் தொட்டிப்படிகள். பேச்சில் தொட்டி என்றாலே போதும்.

ஆனால் விண்வெளி நிலையத்தின் ஏர்லாக்குக்கு, அதாவது உள்ளே இருக்கும் காற்று போய்விடாமல் வீரர்கள் வெளியே போய்வரும் சிற்றறைக்கு, இது சரிவராது. அங்கேயும் பூட்டில்லை, ஒன்றாகத் திறக்காத இரண்டு கதவுகள்தான், ஆனால் தொட்டியும் இல்லை. அதற்கு நம் பழைய வீடுகளிலேயே சொல் இருக்கிறது. வாசற்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே உள்ள ரேழி, பழைய பெயர் இடைகழி. திருக்கோவலூரில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார்கள் மூவரும் நெருக்கியடித்து நின்றது அப்படியோர் இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். ஏர்லாக்கிலும் இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.