நரம்பியக்கடத்தி: மூளைக்குள் யார், எதைக் கடத்துகிறார்கள்?

தன் தங்கை மகனுக்கு மருத்துவமனையில் கொடுத்த, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்னும் மனநோய் பற்றிய துண்டறிக்கையைப் படித்துக்காட்டச் சொன்னார், காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு அத்தை. 'நரம்பியக்கடத்தி' என்ற சொல் வந்ததும் நிறுத்தினார். மூளைக்குள் யார், எதைக் கடத்துகிறார்கள் என்று கேட்டார். ராயபுரத்துக்காரருக்குக் கடத்தல் என்றால் துறைமுகமும் கஸ்டம்ஸும்தானே நினைவுக்கு வரும்!

கட என்பதன் பிறவினை கடத்து. கடக்கச் செய்தல் என்பதே அதன் பொருள். நரம்பியக்கடத்தி என்னும் வேதிப்பொருள் செய்வதும் அதைத்தான். நரம்புச் செல்லுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. அடுத்த செல்லுக்குப் போக நடுவே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி. மின்துடிப்பு கரையிலேயே நின்றுவிட, வேதிப்பொருள் அக்கரை சேர்ந்து அங்கே செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைத் தொடுகிறது. செம்புக் கம்பியையும் 'கடத்தி' என்று பாடநூல் சொல்வதுதான் மாணவரைக் குழப்புகிறது.

டோபமைன் அப்படிப்பட்ட ஒரு கடத்தி. டோபா, அமைன் என்னும் இரண்டு வேதிப்பெயர்களின் ஒட்டு. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடுவது வீண்வேலை என்பேன். நோரட்ரீனலின் என்னும் வேறொரு கடத்திக்கு மூலப்பொருள் மட்டுமே என்று கருதப்பட்ட டோபமைன், தானே செய்தி சுமக்கிறது என்று 1950-களின் இறுதியில் காட்டியவர் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன். 2000-இல் நோபல் பரிசு பெற்றார்.

'இதைக் கவனி' என்று மூளைக்குக் குறி போட்டுக் காட்டுவது டோபமைனின் வேலைகளுள் ஒன்று. மனச்சிதைவில் மூளையின் ஆழத்தில் ஒரு பகுதியில் அது மிகுந்துவிடுகிறது. அப்போது ஏலக் கூவலும் கப்பல் சங்கும்கூடத் தன்னைக் குறித்தே ஒலிப்பதாகத் தோன்றலாம். மாத்திரை டோபமைன் என்னும் படகை நிறுத்துவதில்லை, படகு அணையும் துறையான ஏற்பியில் தான் போய் நின்றுகொள்கிறது என்றேன். அத்தைக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆனால் காதில் கேட்கும் இல்லாத குரல்களும் சந்தேகமும் தணிந்தாலும், ஒதுங்கியிருப்பதும் நாட்டமின்மையும் அவ்வளவாகத் தணிவதில்லை. டோபமைனோடு கதை முடியவில்லை. குளூட்டமேட் என்னும் இன்னொரு கடத்தியின் மீதும் ஆய்வாளர்களுக்குக் கண்.

நோயின் பெயரான ஸ்கிசோஃப்ரினியா, 1908-இல் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் கிரேக்கச் சொற்களால் அமைத்தது: பிளத்தல், மனம். 'மனப்பிளவு' என்று பெயர்த்தால் ஓர் உடலில் இரண்டு ஆள் என்ற சினிமாக் கற்பனைக்குக் கதவு திறக்கும். 'மனச்சிதைவு' நிலைத்துவிட்டது, இனிச் சீராகாது என்ற தொனி அதில் இருப்பதுதான் எனக்கு உறுத்தல். தென்கொரியர்கள் பழைய பெயரைக் கைவிட்டு, இசைக்கருவியின் தந்தியைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லால் இந்நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நம்மிடமோ நரம்பு என்ற சொல்லுக்கே யாழின் தந்தி என்றும் பொருள் உண்டு.