சூடை தின்னலாமா, சுறா தின்னலாமா?

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தங்கைக்கு நாலாம் மாதம். பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒருவர், "மீனைக் குறைச்சுக்கோம்மா, பாதரசம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் இன்னொருவர், "வாரம் ரெண்டு தடவை மீன் சாப்பிடு, பிள்ளைக்கு மூளை நல்லா வளரும்" என்றார். வடகடல் மீனும் தென்கடல் மீனும் வாசலுக்கே வரும் ஊரில், அவள் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். சூடை என்ற சின்ன மீனையும் சுறாவையும் ‘மீன்’ என்று ஒரே சொல்லில் அடைத்ததில்தான் குழப்பமே.

நிலக்கரி எரியும்போது புகையோடு மேலே போகும் பாதரசம், காற்றிலும் மழையிலும் கடலுக்கு வந்து சேருகிறது. காற்றுப் புகாத அடிச்சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது உடம்புக்குள் போனால் புரதத்தில் கந்தகம் இருக்கும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும், லேசில் வெளியேறாது. மிதவை உயிரிகளைச் சூடை தின்கிறது, சூடையைப் பாறை மீனும் சூரை மீனும் தின்கின்றன, அவற்றைச் சுறா தின்கிறது. ஒவ்வொரு மீனும் தான் தின்ற ஆயிரக்கணக்கான சின்ன மீன்களின் பாதரசத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. பல வருடம் வாழும் மீன் என்றால் சுமையும் அதிகம். சதையிலேயே ஊறிப்போனது என்பதால் மஞ்சள் போட்டு அலசினாலும் போகாது, புளி ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் போகாது.

குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பும், ஒன்றை ஒன்று தின்னும் இதே ஏணியில்தான் ஏறி வருகிறது. கடலில் அதைத் தயாரிப்பவை கண்ணுக்குத் தெரியாத பாசிகள். ஆனால் இந்தக் கொழுப்பைப் பெற மேல்படி வரை போக வேண்டியதில்லை. கீழ்ப்படியில் இருக்கும், சூடைக்குச் சொந்தக்காரனான சாளையிலேயே அது நிறைய உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-ல் ஒரு வரம்பு சொன்னது: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம், அதுவும் ஒரு வாரத்துக்கு. வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் 80 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அட்டவணையில் சாளை இனத்துக்குச் சராசரி கிராமுக்கு 0.013 மைக்ரோகிராம், சுறாவுக்கு 0.979. அப்படியானால் சாளையில் 6 கிலோ தின்றால்தான் அந்த வரம்பைத் தொடும். சுறாவில் 80 கிராம், அதாவது ஒரு பெரிய துண்டு, போதும். நம் வஞ்சிரத்துக்கு அட்லாண்டிக் கடலில் ஓர் உறவுக்காரன் உண்டு. அதற்கு 0.73. நம் கடலில் எண்கள் கொஞ்சம் மாறும், ஏணியின் வரிசை மாறாது.

விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் நெடுநாள் வழக்கு இருந்தது. வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் தாய்மாரின் பாதரசம் பிள்ளைகளின் நினைவாற்றலையும் கவனத்தையும் பாதித்ததாகக் கண்டார்கள். வாரத்துக்கு ஏறக்குறைய 12 வேளை மீன் தின்னும், இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸ் தாய்மாரின் பிள்ளைகளிடம் அப்படி ஒரு பாதிப்பும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு காரணம் தட்டிலேயே இருந்திருக்கலாம். ஃபாரோ மக்களுக்குப் பாதரசம் பெரும்பாலும் திமிங்கல இறைச்சியிலிருந்து வந்தது. செஷல்ஸ்காரர்கள் தின்றது சாதாரணக் கடல் மீன், அதன் நன்மையும் கூடவே சேர்ந்தது. கர்ப்பிணிகள் வாரம் 340 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று 2004-ல் சொன்ன அமெரிக்க அரசு அமைப்புகள், 2014-ல் குறைந்தது 225 கிராமாவது சாப்பிடுங்கள் என்று சேர்த்துச் சொன்னதும் மீனின் நன்மையை மனதில் வைத்துத்தான்.

இந்தக் கரையில் நான் அதிகம் கவனிப்பது ஐஸைத்தான். வெயிலில் கிடந்த சூரையிலும் அயிலையிலும் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். சமைத்தாலும் அது அழியாது. ஆகவே செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை குழியாமல் எழும்புகிறதா என்று பார்ப்பதோடு, ஐஸில் இருந்ததா என்றும் கேட்டு வாங்குங்கள். மீன் கெடாதிருக்கச் சிலர் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனத்துக்குப் பயப்படுபவர்களுக்கு, கொச்சியில் உள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள் இருக்கிறது. மீன்மேல் தேய்த்து, மருந்து ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

அன்றைக்கே அரைக் கிலோ சூடை வாங்கிப்போனேன். செதில் உரசி, தலை கிள்ளி, குடலை எடுத்து, மண்சட்டியில் குழம்பு வைத்தோம். தங்கை இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குத்தான் ஒரு கவலை: "அப்ப பிள்ளை பெத்ததும் சுறாப் புட்டு செஞ்சு குடுக்கக் கூடாதாடி? பால் ஊற வேணாமா?"

மெத்தில் பாதரசம் தொப்புள்கொடி வழியே போகும் அளவுக்குத் தாய்ப்பாலில் போவதில்லை. புட்டுக்குப் போடும் பால் சுறாவும் சுறாக்களில் சின்ன இனம்தான். இருந்தாலும் பால் கொடுக்கும் காலத்திலும் சுறாவைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பால் ஊற உங்க அம்மா உங்களுக்குக் காரல் மீன்ல சாறு வச்சுக் குடுக்கலையா?" என்று கேட்டேன். காரல் விரல் நீள மீன், ஏணியில் கீழ்ப்படி. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடுத்தாக, மிளகு தட்டிப் போட்டு" என்றாள்.