பூட்டிவிட்டால் கட்டடம் அப்படியே இருக்குமா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மையத்தில் 44 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1986-இல் சவுத்வெஸ்டர்ன் பெல் தொலைபேசி நிறுவனத்துக்காகக் கட்டியது, சுமார் 14 லட்சம் சதுர அடி. 2006-இல் 20.5 கோடி டாலருக்கு விலைபோன இந்தக் கட்டடத்திலிருந்து 2017-இல் ஏடி அண்ட் டி (சவுத்வெஸ்டர்ன் பெல் குழுமத்தின் பிந்தைய பெயர்) காலிசெய்துவிட்டுப் போனது, 2024-இல் கட்டடம் 36 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சதுர அடிக்கு மூன்று டாலர்கூட இல்லை!

விலை இப்படி விழுந்ததற்கு, ஒரே வாடகைதாரரை நம்பியது, பிறகு கொரோனா, வீட்டிலிருந்தே வேலை என்று சந்தைக் காரணங்களை எல்லாரும் எழுதிவிட்டார்கள். கட்டடப் பராமரிப்புத் துறையில் இருக்கிற நான் சொல்ல வந்தது வேறு. பொதுவாக உரிமையாளர்கள் ஆள் இல்லாத கட்டடத்துக்குச் செலவே கிடையாது என்று நினைத்து கரண்டை நிறுத்துகிறார்கள், ஏசியை அணைக்கிறார்கள், வாசலில் ஒரு வாட்ச்மேனைப் போடுகிறார்கள். கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் எதிரி தண்ணீர். மொட்டைமாடி வடிகுழாயைச் சருகு அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் தேங்கி, நீர்த்தடுப்புப் பூச்சில் விரிசல் தேடி, மேல் மாடியின் சீலிங்கை ஊறவைத்து, லிப்ட் குழி வழியாகவும் கேபிள் போகும் துளைகள் வழியாகவும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், பார்க்க ஆளில்லாததால் பல மாதம் யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லாததால் பேஸ்மென்டில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் ஓடாது. மின்பலகைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அவையும் நனையும். செயின்ட் லூயிஸ் போன்ற குளிர் ஊரில் ஹீட்டரை நிறுத்தினால் தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய்த் தண்ணீர் உறைந்து விரியும், குழாய் வெடிக்கும். அப்புறம் தீ பிடித்தால் அணைக்க ஒன்றும் இல்லை.

ஏசி நின்றதும் காற்றில் ஈரம் ஏறி ஜிப்சம் சுவரில் பூஞ்சை படரும். 2020 ஊரடங்கில் பூட்டிக் கிடந்த அலுவலகங்களைத் திறக்கப் போனபோது முதல் புகார் நாற்றம்தான். கழிவறைத் தரைக்குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை வாயு நேராக மேலே வந்துவிடும், வாரம் ஒருமுறை ஒரு வாளி ஊற்றினால் தீர்ந்தது. தேங்கிய குழாய்த் தண்ணீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும் ஆபத்தும் உண்டு, ஆகவே குழாய்களைத் திறந்து ஓடவிட வேண்டும்.

திருட்டு அடுத்தது. அதே நகரத்தின் ரயில்வே எக்ஸ்சேஞ்ச் கட்டடம் 21 மாடி, 1914-இல் முடிந்தது, 2013-இல் மேசிஸ் கடை மூடியபின் காலியாகித் தாமிரத் திருடர்களின் வேட்டைக்காடானது. கம்பியை விற்றால் கிடைப்பது சொற்பம், ஆனால் அதை மறுபடி இழுக்கும் செலவிலேயே பல புதுப்பிப்புத் திட்டங்கள் படுத்துவிடும்.

விலை மலிவு என்று இப்படிக் காலியாகக் கிடக்கும் கட்டடத்தை வாங்கப் போகிறவர்கள் லாபியின் கிரானைட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். நேராக பேஸ்மென்டுக்குப் போங்கள், அடுத்து மொட்டைமாடி. இரண்டுக்கும் சாவி இல்லை என்று சொன்னால் பேரம் பேச உட்காரவே வேண்டாம்.