"விற்றுவிட்டுப் போயிருக்கலாமே" என்று இனி எழுதாதீர்கள்

கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். இந்தப் பருவத் தேர்விலும் அதே வரி: "யூத வணிகர்கள் பணக்காரர்கள். ஹிட்லர் வந்ததுமே கடையை விற்றுவிட்டுக் கிளம்பியிருக்கலாம்." ஒருவர் இருவர் எழுதினால் ஓரத்தில் திருத்தி விட்டுவிடுவேன். வகுப்பில் பாதிப் பேர் எழுதினால் எப்படி? யூடியூபில் யாரோ சொன்னதை அப்படியே இறக்கி வைக்கிறார்கள்.

வெர்ட்ஹைம் என்ற யூத வணிகக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வணிகம் 1875இல் வட ஜெர்மனியின் ஸ்ட்ரால்சுண்ட் என்ற துறைமுக ஊரில் சின்னக் கடையாகத் தொடங்கியது. மகன்கள் உள்ளே வந்ததும் பேரம் பேசுவது நின்றது. எல்லாருக்கும் ஒரே விலை, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கு அது புதுமை. 1897இல் பெர்லின் லைப்சிகர் தெருவில் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மெஸ்ஸல் கட்டிக்கொடுத்த பேரங்காடி, ஊரே வேடிக்கை பார்க்க வந்த கட்டடம். மகன்களில் ஒருவரான கியோர்க் 1906இல் கிறிஸ்தவராகவே மாறிவிட்டார். நாஜிகளுக்கு அது கணக்கே இல்லை. தாத்தா பாட்டி யார் என்றுதான் பார்த்தார்கள்.

1933 ஏப்ரல் 1 அன்று யூதக் கடை வாசல்களில் சீருடைக்காரர்கள் நின்று வாடிக்கையாளர்களை விரட்டியபோது கியோர்குக்கு வயது 76. யூதர் அல்லாத மனைவியின் பெயருக்குப் பங்குகளை மாற்றிப் பார்த்தார். அதுவும் போதவில்லை. 1937 தொடக்கத்தில் தான் வளர்த்த நிறுவனத்தை விட்டே வெளியேறினார். குடும்பப் பெயரும் கடையிலிருந்து அகற்றப்பட்டது. 1939 டிசம்பர் 31 அன்று பெர்லினில் இறந்தார்.

சரி, விற்றே இருந்தாலும் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? யூதர் அவசரமாக விற்கிறார் என்று தெரிந்தே வாங்குபவர் விலையை அடித்துக் குறைப்பார். 1938 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கே அரசு அனுமதி வேண்டும். நாட்டை விட்டுப் போக மொத்தச் சொத்தில் கால்வாசி வரி. 1931இல் வந்த அந்த வரிக்கான சொத்து வரம்பை 1934இல் 50,000 மார்க்காக (ஜெர்மன் பணம்) குறைத்து, நடுத்தரக் கடைக்காரர்களையும் இழுத்துப் போட்டார்கள். மிச்சப் பணம் முடக்கப்பட்ட கணக்கில் கிடக்கும். அதை வெளிநாட்டுப் பணமாக மாற்றினால் 1939 கடைசியில் நூறு மார்க்குக்கு நான்கு மார்க் மதிப்புதான் தேறும். இத்தனையும் கட்டிவிட்டு எங்கே போவது? 1938 ஜூலையில் அகதிகளை யார் ஏற்பது என்று பேச பிரான்சின் எவியன் ஊரில் 32 நாடுகள் கூடின; அநேகமாக எல்லாமே கையை விரித்தன.

போக முடியாதவர்களை 1941 அக்டோபரிலிருந்து கிழக்கே நாடுகடத்த ரயிலில் ஏற்றினார்கள். அதற்கு முன் 16 பக்கப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். வீட்டில் எத்தனை சட்டை, எத்தனை கரண்டி, எத்தனை படுக்கை விரிப்பு என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நவம்பரில் வந்த ஆணைப்படி, எல்லையைத் தாண்டியதும் குடியுரிமையும் சொத்தும் தானாகவே போய்விடும். இந்தப் படிவத்தை வகுப்பில் காட்டும்போது யாரும் "விற்றிருக்கலாமே" என்று கேட்பதில்லை. அடுத்த ஆண்டு வருபவர்கள் மறுபடி கேட்கிறார்கள்.

ஆகவே, பிள்ளைகளே, காணொளி போடும் நண்பர்களே: 1933க்கும் 1945க்கும் இடையில் ஒரு யூதர் கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரத்தைப் பார்த்தால் முதலில் தேதியைப் பாருங்கள். வாங்கியவர் யார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று தேடுங்கள். இது எதுவும் தெரியாமல் "மனமுவந்து விற்றார்" என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அப்புறம், 1945இல் புத்தகத்தை மூடாதீர்கள். அமெரிக்காவுக்குத் தப்பிய வெர்ட்ஹைம் வாரிசுகள் 1951இல் சில ஆயிரம் டாலருக்குத் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் குடும்ப நிலங்கள் தொடர்பான வழக்கு 2007இல்தான், 88 மில்லியன் யூரோ இழப்பீட்டோடு முடிந்தது. அதையும் படித்துவிட்டு எழுதுங்கள். இவை இல்லாத கட்டுரையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.