உங்கள் மனதில் ஓடும் பாட்டு எதிரே இருப்பவருக்குக் கேட்காது

பிரசன்டேஷன் முடித்துவிட்டு வருபவரிடம் "எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "சொதப்பிட்டேன்" என்றோ "நல்லாப் போச்சு" என்றோ உடனே பதில் வரும். இரண்டையுமே அப்படியே நம்பிவிட முடியாது. பேசும்போது தனக்குள் என்ன நடந்தது என்பதை வைத்துத்தான் அவர் சொல்கிறார். கேட்டவர்களுக்குள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

1990 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி இதைச் சோதித்துப் பார்த்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் நினைத்துக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேஜையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்றே மூன்று! தட்டுபவரின் தலைக்குள் மெட்டும் வரிகளும் சேர்ந்தே ஓடுகின்றன. கேட்பவருக்குக் கிடைப்பதோ டக் டக் சத்தம் மட்டும்.

மாதக்கணக்கில் ஒரு புராஜெக்டில் ஊறிப்போனவர், "சர்வரை மாற்றியதால் தாமதம் குறைந்தது" என்று ஒரு ஸ்லைடில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த சர்வர், யாருக்குத் தாமதம், அதனால் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்பதெல்லாம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் பிரிவிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது டக் டக்தான்.

இதனால்தான் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாக, "நேற்று நான் பேசியதை உங்கள் டீமுக்கு ஒரே வரியில் சொல்வதென்றால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். குரல், உடல்மொழி, நேர மேலாண்மை என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் படிவங்களைவிட இந்த ஒரு கேள்வி மேல் என்பது என் கட்சி. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் கோளாறு உங்கள் குரலிலோ கையசைப்பிலோ இல்லை, விஷயத்தைக் கோத்த விதத்தில் இருக்கிறது.

பதற்றத்தின் கதையும் இதேதான். நம் தெளிவு எதிரே இருப்பவருக்குத் தெரிகிறது என்று நம்புவது போலவே, நம் நடுக்கமும் தெரிகிறது என்று நம்புகிறோம். நடுக்கம் என்னவோ நிஜம்தான். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993 இல் வெளியான ஒரு சோதனையில், முகத்தில் சலனமே காட்டாத நடுவர்கள் முன் 5 நிமிடம் பேச வேண்டும், அப்புறம் மனக்கணக்கு போட வேண்டும். கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கிடுகிடுவென ஏறும். மனிதர்களுக்கு அழுத்தம் கொடுத்து ஆராய வேண்டும் என்றால் இன்றும் ஆய்வாளர்கள் நாடுவது இந்த முறையைத்தான்.

ஆனால் உள்ளே இருக்கும் அந்தப் புயலில் வெளியே தெரிவது கொஞ்சம்தான். உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தாங்கள் பதறியதாக நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. இன்னொரு பிரிவினரிடம் இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். பார்த்தவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அதாவது, இந்தப் பத்தியைப் படித்ததே உங்களுக்கு ஓரளவு பயிற்சி. ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014 இல் இன்னொன்றைக் கண்டார். பேசுவதற்கு முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகப் பேசினார்கள். படபடக்கும் இதயத்தை அடக்குவது கடினம், அதே படபடப்புக்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

பயிற்சி வகுப்புகளில் "பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம்தான், மீதி குரலும் உடல்மொழியும்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967 இல் செய்த சோதனைகளிலிருந்து வந்தது அது. அவர் பார்த்தது, ஒற்றைச் சொல்லைச் சொல்பவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எப்படி ஊகிக்கிறோம் என்பதை மட்டும். காலாண்டு அறிக்கையின் 93 சதவீதத்தைக் கையை ஆட்டிப் புரியவைக்க முடியாது.

சரி, பதிவு செய்து பார்க்கலாமா? கட்டாயம் பார்க்கலாம். முதலில் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்லாமல் மண்டை ஓட்டின் எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு வழியாக வருவதில் கனமான ஒலிகள் தூக்கலாக இருக்கும். பதிவில் அந்தப் பங்கு இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் இத்தனை காலமும் கேட்டுவந்தது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அதைத் தாண்டிவிட்டால், ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஒருமுறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். "அ...", "வந்து..." என்று இழுப்பதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். அடுத்த சொல் வரத் தாமதமாகும் என்று கேட்பவருக்குச் சொல்லும் சமிக்ஞை அது என்கிறார்கள் மொழி உளவியலாளர்கள். எங்கே இழுக்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். நான்காவது ஸ்லைடிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு ஒத்திகையிலும் இழுத்தால், அந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை.

ஸ்லைடு முழுக்க எழுத்தை நிரப்பி அதையே வாசிப்பது ஏன் எடுபடுவதில்லை? எழுத்தைப் படிக்கும்போது மூளை அதை உள்ளுக்குள் ஒலியாக மாற்றிக்கொள்கிறது. காதில் விழும் பேச்சும் அதே தற்காலிக நினைவகத்துக்குத்தான் வருகிறது. உளவியலாளர்கள் பேட்லி, ஹிட்ச் இருவரும் இந்தத் தற்காலிக நினைவைப் பற்றி 1974 இல் முன்வைத்த "செயல்பாட்டு நினைவு" மாதிரியிலிருந்து வளர்ந்த விளக்கம் இது. கேட்பவர் உங்களைவிட வேகமாகப் படித்துவிட்டு நீங்கள் வந்து சேரக் காத்திருப்பார், அல்லது இரண்டிலும் கோட்டைவிடுவார்.

எங்கே எதை எழுதுகிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்டதாகவும் ஆகலாம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இறக்கையில் மோதியிருந்தது. கலம் விண்ணில் இருந்தபோதே பொறியாளர்கள் தந்த ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை தரும் தொனியில் இருந்தது. அடிவரியில், சிறிய எழுத்தில் இருந்த செய்தி வேறு: சோதனைகளில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே மோதியது சுமார் 1,920 கன அங்குலம். கையில் இருந்த சோதனை முடிவுகள் இந்த மோதலுக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம் என்றல்லவா அந்த வரி சொல்கிறது? விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது.

அதனால் தலைப்பில் பொருளை மட்டும் போடாமல் முடிவையே போடுங்கள். "மூன்றாம் காலாண்டு விற்பனை" என்பதை "டெலிவரி தாமதத்தால் மூன்றாம் காலாண்டில் விற்பனை சரிந்தது" என்று முழு வாக்கியமாக்கி, கீழே அதற்கு ஆதாரமாக ஒரே ஒரு வரைபடம் வைத்தால் போதும். இப்படி எழுத உட்கார்ந்தால், சில ஸ்லைடுகளில் சொல்ல முடிவே இல்லை என்பதும் தெரியவரும். அவற்றைத் தூக்கிவிடலாம்.

ஒத்திகை பார்க்கும்போது மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது, அங்கே மெட்டும் கூடவே ஓடும். வாய்விட்டு, வேறு துறைக்காரர் ஒருவர் முன் பேசுங்கள். அவர் முகம் சுருங்கும் ஒரு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சரிசெய்யுங்கள், ஒவ்வொரு முறையும் முழுவதையும் ஓட்டத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் தடுமாறாமல் வரும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். பதற்றம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான், பேசப் பேசத் தணிந்துவிடும். அடுத்த பிரசன்டேஷனுக்கு மறுநாள் அதே ஆட்களிடம் அதே ஒருவரிக் கேள்வியைக் கேட்டு, பதில்களைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.