ஃபியூஸ் மாத்தியாச்சு, லைட் மட்டும் அணையலை

திங்கியான் தண்ணீர்த் திருவிழா முடிந்து பட்டறையைத் திறந்தால் முதல் வாரம் முழுக்க எனக்குக் கரண்டு வேலைதான். திருவிழாவுக்கு முந்தின நாள் அவசரமாக மாட்டிய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர். அதன் மேல் நாலு நாளும் வாளி வாளியாகத் தண்ணீர். ரங்கூனில் தம்வே பக்கம் பட்டறை வைத்திருப்பவனுக்கு வேறென்ன வரும்?

இந்தத் தடவை வந்தது ஒரு டாக்சி, டொயோட்டா ப்ரோபாக்ஸ். "அண்ணே, ஷார்ட் ஆகி ஃபியூஸ் போச்சு, மாத்திட்டேன். ரெண்டு ஆக்சிஜன் சென்சாரும் புதுசு. ஆனா செக் இன்ஜின் லைட்டை அழிச்சா திரும்ப வந்து நிக்குது" என்றார் ஓட்டுகிற தம்பி.

ஸ்கேனரில் மூன்று கோடு (code), அதாவது பழுதைக் குறிக்கும் எண்: பி0135, பி0141, பி0443. முதல் இரண்டும், இன்ஜின் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் அந்தச் சென்சார்களுக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட். மூன்றாவது பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வின் சர்க்யூட். சர்க்யூட் என்றுதான் கோடு சொல்கிறது; சென்சார் கெட்டது என்று சொல்லவில்லை. மூன்று சாமான் ஒரே நாளில் சாகுமா? இந்த வண்டியில் மூன்றுக்கும் 12 வோல்ட் ஒரே ஃபியூஸிலிருந்து போகிறது. எர்த்தை மட்டும் இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், தனித்தனியாகக் கொடுத்து எடுக்கிறது.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. அதாவது 15 ஆம்பியருக்குப் பதில் 30. ஃபியூஸ் எரியாது, சரி, வயர் எரியும்.

சென்சார் கனெக்டரில் மீட்டர் வைத்தால் 12.4 வோல்ட். இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்டு ஒன்றுமே இல்லை. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டினேன். பீடிக் கங்கு மாதிரி சிவந்தது, அவ்வளவுதான். மீட்டர் 4 வோல்ட்டுக்கு விழுந்தது. சென்சார் வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பல்பு விலைதான் செலவு.

வயரிங் டேப்பைப் பிரித்துக்கொண்டே போனேன். இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் வயரை வண்டியின் சொந்த வயரிங்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சூட்டில் எல்லாம் உருகி ஒட்டிப்போய், உள்ளே தாமிரம் பச்சை பூத்திருந்தது. வெட்டி எடுத்து, புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, மேனிஃபோல்டை விட்டுத் தள்ளிக் கட்டினேன்.

இரண்டு கோடு போனது. பி0141 மட்டும் மறுபடி வந்தது. இன்ஜின் ஓடும்போது அந்தக் கனெக்டரின் ஹீட்டர் பின் இரண்டுக்கும் நடுவே எல்இடி டெஸ்ட் லாம்ப் வைத்தால் மினுக்க வேண்டும், மினுக்கவில்லை. உருகிய இடத்தில் கரண்டு வயர் இந்த ஹீட்டரின் எர்த் வயரை நேரே தொட்டிருக்கிறது. இசியுவுக்குள் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் அவிந்துவிட்டது. போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றினோம். வயரைச் சரி செய்யாமல் முதலிலேயே வேறு இசியு போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

கோடு அழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அழித்தால் லைட் அணைவது பழுது போனதால் அல்ல. பல கோடுகளில் வண்டியின் அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்திலும் அதே பழுது தெரிந்தால்தான் இசியு லைட்டைப் போடும். அதனால்தான் ஒரு நாள் நிம்மதி. அழிக்கும்போது, பழுது நடந்த நேரத்து இன்ஜின் சூடு, வேகம் என்று இசியு குறித்து வைத்ததும் சேர்ந்து போய்விடும். அதை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்டோடு ஓட்டினால் என்ன என்பவர்களுக்கு: ஹீட்டர் இல்லாத சென்சார் சூடேற நேரமாகும், அதுவரை பெட்ரோல் கூடுதலாகப் போகலாம்; நாளாவட்டத்தில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டும் கெடலாம்.

கழற்றிய பழைய சென்சார்கள் இரண்டும் டிக்கியில் பேப்பரில் சுற்றிக் கிடந்தன. எடுத்து ஹீட்டரை அளந்து காட்டினேன்: ஒன்று 6 ஓம், இன்னொன்று 7. இரண்டு ஹீட்டரும் அறுந்துபோகவில்லை. தம்பி கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.