மீன்தொட்டிக் கார்பெட் விதை வாங்கப் போகிறீர்களா?

வீடுகளிலும் அலுவலகங்களிலும் செடி வளர்க்கும் மீன்தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். சமீப காலமாக என்னை அழைப்பவர்கள் பலர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். தொட்டியின் அடியில் பச்சை விரிப்புபோலச் செடி படரட்டும் என்று ஆன்லைனில் கார்பெட் விதை வாங்கித் தூவினேன், ஒரே வாரத்தில் பச்சைப்பசேலென்று வந்தது, அப்புறம் எல்லாம் அழுகி மீனும் செத்துப்போச்சு.

பாக்கெட்டின் மேல் ஹேர்கிராஸ் என்றோ மான்டி கார்லோ என்றோ, நீருக்கடியில் படரும் செடியின் பெயரை அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது அது இல்லை. அந்தச் செடிகளைப் படரும் தண்டைப் பிரித்து நட்டோ, ஆய்வகத்தில் திசுவிலிருந்து வளர்க்கும் டிஷ்யூ கல்ச்சர் முறையிலோதான் பெருக்குகிறார்கள். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் ஈரமண்ணில் முளைத்துக் காற்றில் வளரும் ஏதோ ஒரு செடி. மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு முளைக்க வைக்கச் சொல்வார்கள். அதுவரை எந்தக் குறையும் தெரியாது. தொட்டியை நிரப்பிய பிறகு சில வாரம் தாக்குப்பிடிக்கும். பிறகு இலை மஞ்சளாகும், தண்டு கொழகொழவென்று ஆகும். அவ்வளவும் மொத்தமாக அழுகும்போது தண்ணீரில் அம்மோனியா ஏறும், ஆக்ஸிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பது அதனால்தான்.

நம்பிக்கையான கடையில் டிஷ்யூ கல்ச்சர் கப் வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் செடியோடு சேர்ந்து பாசியோ நத்தையோ வராது. கியூபா என்று விற்கும் பொடி இலைச் செடி பார்க்க அழகு. ஆனால் 25 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீர் கேட்கும். சென்னை வெயிலில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மான்டி கார்லோ கொஞ்சம் பரவாயில்லை. செடி வளரக் கார்பன் டை ஆக்ஸைடு கொடுக்கும் சிலிண்டர் வைக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது மார்சிலியா, நம் வயல்களில் முளைக்கும் ஆரைக்கீரையின் இனம். மெதுவாகத்தான் படரும். ஆனால் நிலைக்கும்.

நடும்போது கொத்தாக வைக்காமல் சிறுசிறு துண்டாகப் பிரித்து, ட்வீசரால் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். வெளிச்சம் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். சிலிண்டர் உள்ளவர்கள், விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுங்கள். தண்ணீரில் அந்த வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர், விளக்கு எரியும்போது பச்சை காட்ட வேண்டும். மஞ்சள் காட்டினால் மீனுக்கு ஆபத்து, உடனே குறையுங்கள். செடி தடித்து வளர்ந்தால் தயங்காமல் வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, முழு விரிப்பும் பெயர்ந்து மிதக்கும்.

ஏற்கெனவே விதை தூவிவிட்டவர்கள் அது அழுகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே பிடுங்கி, மண்ணில் தங்கிய மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். பாதித் தண்ணீரை மாற்றுங்கள்; குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். ஏர் பம்பை இரவும் பகலும் ஓட விடுங்கள். பிடுங்கியதை ஏரியிலோ கால்வாயிலோ போட்டுவிடாதீர்கள். அது என்ன செடி என்று நமக்கே தெரியாது, அங்கே பரவினால் அகற்றவும் முடியாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.